நான் ரோஜாவுக்கு ஓடிப்போன வருடம்

மார்ச் 4

இன்று என் நுழைவுச்சீட்டு ஜன்னலுக்கு ஒரு கட்டுத் தாள் வந்து இறங்கியது. பளபளப்பான தாள். "செயின்ட் லூசியா: பன்னிரண்டு மாதமும் திருவிழா." ஒவ்வொரு சீட்டோடும் ஒன்று கொடுக்க வேண்டுமாம். பெப்ரவரியில் சுதந்திர தினம், மே மாதம் ஜாஸ், ஜூனில் மீனவர் விழா, ஜூலையில் கார்னிவல், ஆகஸ்டில் ரோஜா, அக்டோபரில் வாடாமல்லி, டிசம்பரில் விளக்கு. மிச்ச மாதங்களுக்கும் ஏதோ ஒன்று. செப்டம்பர் மட்டும் காலி. செப்டம்பரில் புயல் வரும். அதையும் விழா என்று போட்டிருக்கலாம். விளம்பரமே இல்லாமல் ஊர் முழுக்கக் கலந்துகொள்ளும்.

அட்டையில் உடம்பெல்லாம் சேறு பூசிய ஒரு ஆள் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் பாதி முகம் தெரிகிறது. அது நான்தான். இந்தக் கந்தக ஊற்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்ததற்கு அரை முகம். பரவாயில்லை, நல்ல பாதியைத்தான் போட்டிருக்கிறார்கள்.

அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற இடத்துக்கு உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள். சேற்றைப் பூசிக்கொண்டு, பத்து வயது குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கணக்குப்படி நான் இன்னும் பிறந்தே இருக்கக்கூடாது.

மார்ச் 19

தாளைப் படித்துவிட்டு ஒரு அம்மா கேட்டார், ரோஜா, வாடாமல்லி என்றால் பூக்கண்காட்சியா என்று. ஆமாம் என்றேன். பின்னே என்ன சொல்ல? இரண்டு பூவின் பெயரால் ஊரை இரண்டு சங்கமாகப் பிளந்து வைத்திருக்கிறோம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ராஜா, ராணி, நீதிபதி, போலீஸ், நர்ஸ் எல்லாம் உண்டு, பதவிகள் மொத்தமும் வேஷம், சண்டை மட்டும் அசல் என்றா? வரிசையில் இன்னும் முப்பது பேர் நிற்கிறார்கள்.

ரோஜாக்காரர்கள் சத்தமும் ஆட்டமும். வாடாமல்லிக்காரர்கள் அடக்கமானவர்கள். எங்கள் பூ வாடாது, எங்கள் பூவுக்கு முள் கிடையாது என்று சொல்லிச் சொல்லியே குத்துவார்கள். நான் பிறப்பால் வாடாமல்லி. பதினெட்டு வருடமாக முன்பாட்டுக்காரி. நான் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் சங்கமே திருப்பிப் பாடும். எங்கள் ராணி என் அக்கா வெர்ஜினி. வாரத்தில் ஐந்து நாள் தபால் நிலையத்தில் முத்திரை குத்துவாள், மிச்ச நாட்களில் ஆட்சி. இருவரும் ஒரே வீட்டில் இருப்பதால் ஆட்சி சமையலறை வரை நீளும்.

மே 6

ஜாஸ். தலைநகர் காஸ்ட்ரீஸ் போகும் சாலை முழுக்க வண்டி. உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் போக்குவரத்து நெரிசலில் உட்கார்ந்து இசையை அனுபவித்தோம்.

ஜூலை 2

மீனவர் விழா. ஜூன் விழாவை ஞாயிற்றுக்கிழமைக்காக ஜூலைக்குத் தள்ளிவிட்டார்கள். பாதிரியார் படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். அக்காவும் ஃபாபியனின் படகுக்குப் புது வண்ணம் அடித்து, கொடி கட்டி, வரிசையில் நிறுத்தியிருந்தாள். அந்தப் படகு தண்ணீரைத் தொட்டு ஐந்து வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒரு முறை கிடைக்கும் தீர்த்தம்தான் அதற்குக் கடல்.

ஃபாபியன் அக்காவின் புருஷன். சங்கத்துக்கு ராஜாவும் அவர்தான். "கப்பலில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வந்துடுவார்." அக்கா ஐந்து வருடமாகச் சொல்வது இது. பக்கத்துத் தீவு மார்டினிக்கில் ஓடெட் என்று ஒருத்தி வாசனைத்தைலக் கடை வைத்திருக்கிறாள். ஃபாபியன் அந்தக் கப்பலில்தான் வேலை பார்க்கிறார். ஊரில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். சங்கக் கூட்டத்தில் அக்கா பக்கத்து நாற்காலியில் அவருடைய தொப்பியை வைத்துக்கொண்டு உட்காருவாள். தொப்பி வந்ததிலிருந்து கூட்டம் கொஞ்சம் சீக்கிரம் முடிகிறது, அதற்குப் பேசத் தெரியாது என்பதால்.

இதையெல்லாம் அவளிடம் நான் சொன்னதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஜூலை 8

என்னை நீக்கிவிட்டார்கள். பதினெட்டு வருடம். நீக்கிவிட்டார்கள்.

சங்கத்தின் இந்த வருட முதல் கூட்டம் இன்று. பதவிகளை வாசித்தாள் அக்கா. நீதிபதி இன்னார், நர்ஸ் இன்னார். முன்பாட்டு, ஜோசான். யார் ஜோசான்? கோயில் பாட்டுக் குழுவில் மைக்கை முழுங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு பாடுமே, அந்தப் பெண். வயது இருபத்து மூன்று. என் பெயர் "உபசரிப்பு" என்பதன் கீழ் வந்தது. அதாவது பொரித்த ரொட்டி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவள் சட்டையை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீ பாடினா ஜனங்க சிரிக்கறாங்க, லியோனிஸ்."

"சிரிக்கட்டுமே. நல்லதுதானே."

"உன்னப் பார்த்து சிரிக்கல. எங்களப் பார்த்து சிரிக்கறாங்க. பதினெட்டு வருஷமா நீ எங்களக் கேலி பண்ணிக்கிட்டேதான் பாடற. உனக்கே தெரியாது."

தெரியாதாம். என் வாயில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதாம். நான் கேலி பண்ணுகிறேனா? பண்ணுவேன்தான். ஆனால் பாடும்போதா? பாடும்போது நான்— போதும். தூங்கப் போகிறேன். உபசரிப்பாம்.

ஜூலை 18

கார்னிவல் செவ்வாய். இறகு கட்டிக்கொண்டு ஊர் முழுக்க ஆடுகிறது. எனக்கு இடுப்பு வலி. ஹிலேரின் மினிபஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். ஹிலேர் ரோஜாச் சங்கத்தின் போலீஸ். மற்ற நாட்களில் பஸ் ஓட்டுவார், வேகக் கட்டுப்பாட்டை மதித்ததே இல்லை, அதனால்தான் போலீஸாக்கினார்களோ என்னவோ. பெண்சாதி இறந்து ஏழு வருடம். இருக்கையெல்லாம் காலியாக இருக்க, என்னை முன்னால் வந்து உட்காரச் சொன்னார்.

விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. எங்கள் ரோஜா முன்பாட்டுக்காரிக்குத் தொண்டை போய்விட்டது, டாக்டர் பேசவே கூடாது என்கிறார், சும்மா உங்கள் காதில் போட்டு வைக்கிறேன் என்றார். போட்டு வைத்தார்.

ஜூலை 22

போனேன்.

ரோஜா மண்டபத்தில் கால் வைத்ததும் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். ரோஜாக்காரர்கள் அமைதியாக இருந்து நான் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அதற்கே அபராதம் போட்டிருக்க வேண்டும். பிறகு ஹிலேர் விசில் ஊதி என்னைக் கைது செய்தார். குற்றம்: ஐம்பத்தொரு வருடம் தவறான சங்கத்தில் இருந்தது. தண்டனை: ஒரு பாட்டு.

பாடினேன். மொத்த மண்டபமும் திருப்பிப் பாடியது. இவர்கள் திருப்பிப் பாடுவது கூரையைப் பெயர்க்கிற மாதிரி இருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புழுக்கம்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 23

அக்காவுக்குக் காலை ஆறு மணிக்கே தெரிந்திருந்தது. இந்த ஊருக்குத் தபால் நிலையமே தேவையில்லை. அவள் கத்தவில்லை. கோகோ தேநீர் ஒரு கோப்பை மட்டும் போட்டுக் குடித்தாள். "உன் இஷ்டம்" என்றாள். அந்த இரண்டு சொல்லை அவள் சொன்ன விதத்தை வைத்துக் கந்தக ஊற்றையே உறைய வைத்துவிடலாம்.

ஆகஸ்ட் 12

ஒவ்வொரு ஒத்திகையிலும் விளையாட்டு அபராதம். கைக்குட்டை இல்லாமல் வந்ததற்கு அபராதம். ராணி பேசும்போது தும்மியதற்கு அபராதம். ஹிலேர் என்னை மூன்றாவது முறை கைது செய்தபோது, இது சட்டமா, சாக்கா என்று கேட்டேன். "சட்டம்தான், டூடூ" என்றார். கண்ணே, மணியே என்கிற அர்த்தத்தில் இங்கே எல்லா பஸ்காரர்களும் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதனால் அதில் ஒன்றும் இல்லை. எழுதுவதற்குக்கூட ஒன்றும் இல்லை.

புது வரிகள் கட்டுகிறேன். ரோஜா விழாவில் வாடாமல்லியைச் சீண்டி ஒரு பாட்டு பாடுவது வழக்கம். யாருக்கு அந்த வீட்டு ரகசியம் என்னைவிட நன்றாகத் தெரியும்?

ஆகஸ்ட் 30

ரோஜாவின் நாள். காலையில் பூசை, ஊர்வலம், பிறகு மண்டபத்தில் விருந்து. எதிர்ச் சங்கத்தின் ராணிக்கு முன்வரிசையில் மரியாதை இருக்கை என்பது வழக்கம். அக்கா ஊதா கவுனில், வெள்ளைக் கையுறை போட்டு வந்தாள். பக்கத்து நாற்காலியில் தொப்பியை வைத்தாள். சொந்தச் சங்கத்தில் வைத்தால் ஒரு விஷயம். இங்கே, ரோஜாக்காரர்கள் நடுவில், அதை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் எழுந்தேன். முதல் மூன்று பாட்டும் அருமை. நானே சொல்லிக்கொள்ளக்கூடாது, ஆனால் வேறு யாரும் இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. நாலாவது அந்தப் பாட்டு.

*ராணிக்குப் பக்கத்தில் ராஜா இருக்கார்,*
*தொப்பி வந்திருக்கு, தலை மட்டும் காணோம்.*
*கப்பலில் வேலையாம், கடலிலே போறாராம்,*
*கப்பலுக்குப் பேர் என்ன? சொல்லுங்க, சொல்லுங்க.*

அந்தக் கடைசி வரிக்குக் கூட்டம் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று திருப்பிப் பாட வேண்டும். அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல், "ஓடெட்." பிறகு நாலு குரல். பிறகு மண்டபம் முழுக்க, தாளத்தோடு, கை தட்டி: ஓடெட், ஓடெட்.

நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பாட்டில் அந்தப் பெயர் இல்லை. இடம் மட்டும்தான் விட்டிருந்தேன். அளவாக, மூன்று எழுத்துக்கு.

அக்கா அசையவில்லை. பாட்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் முறைப்படி கை தட்டினாள். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

எல்லோரும் என்னைத் தூக்கிக் கொண்டாடினார்கள். இந்த மாதிரி பாட்டு இந்த மண்டபம் கேட்டதே இல்லையாம்.

ஆகஸ்ட் 31

வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 9

வீட்டில் இரண்டு அடுப்பு நேரம், இரண்டு பானை, இரண்டு உப்பு டப்பா. அவள் குளித்து முடித்த பிறகு நான் எழுந்திருக்கிறேன். நான் படுத்த பிறகு அவள் வருகிறாள். வாசலில் எதிர்ப்பட்டால், கண் தெரியாத ஒருவருக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கிக்கொள்கிறாள்.

மன்னிப்பு கேட்க மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் வேடிக்கையான ஒரு வாக்கியமாகத்தான் அது உள்ளே தயாராகியிருந்தது. மூடிக்கொண்டேன். வேறு மாதிரி பேச எனக்குத் தெரியாதா? எப்போதிலிருந்து?

செப்டம்பர் 22

புயல் எச்சரிக்கை. காலியாக விட்ட மாதத்துக்கு விழா வந்துவிட்டது.

ஜன்னல்களுக்குப் பலகை அடிக்க ஒருத்தரால் முடியாது. அவள் பலகையைப் பிடித்தாள், நான் அடித்தேன். ஆறு ஜன்னல். மூன்று வாரத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை, "ஆணி." கொடுத்தேன். நாலாவது ஜன்னலில் சுத்தியல் என் கட்டைவிரலில் இறங்கியது. அவள் என் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல், படியில் வைத்தாள்.

செப்டம்பர் 23

புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது. எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்திருக்கும்.

அக்டோபர் 17

வாடாமல்லியின் நாள். எனக்கு அழைப்பு இல்லை, இருக்கவும் முடியாது. ஹிலேர் பஸ்ஸை மண்டபத்துக்கு எதிரே நிறுத்தி, எஞ்சினில் ஏதோ சரியில்லை என்று மூடியைத் திறந்து வைத்தார். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. நான் உள்ளே, பின் இருக்கையில். மண்டபத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

பாட்டு தொடங்குவதற்கு முன் அக்கா எழுந்து நின்றாள். பக்கத்து நாற்காலி காலி. தொப்பியும் இல்லை.

"ஃபாபியன் கப்பல்ல இல்ல" என்றாள். தபால் நிலையத்தில் பெயர் கூப்பிடுகிற அதே குரல். "மார்டினிக்ல இருக்கான், ஓடெட்டோட. அஞ்சு வருஷம் ஆச்சு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்து எனக்கு அலுத்துப்போச்சு. சங்கத்துக்கு ஒரு ராஜா வேணும். வர்றவங்க கை தூக்குங்க."

பிறகு ரொட்டிக்கடை தியோடூல் கை தூக்கினார். அந்த மனிதர் நாற்பது வருடமாகச் சங்கக் கூட்டத்தில் கொசு விரட்டத்தான் கை தூக்கியிருக்கிறார். அக்கா நாற்காலியைக் காட்டினாள். போய் உட்கார்ந்தார்.

ஜோசான் பாட்டெடுத்தாள். ரொம்ப உச்சத்தில். மூன்றாவது வரியில் மூச்சு போய்விடும் என்று எனக்குத் தெரியும், போனது. சங்கம் திருப்பிப் பாடத் தடுமாறியது. நான் பஸ்ஸில் உட்கார்ந்து பதில் வரியைப் பாடினேன். முன்பாட்டு இல்லை, கூட்டத்தில் ஒருத்தியாக, சின்னக் குரலில். இந்தப் பாட்டை நான் பதினெட்டு வருடம் எடுத்துக்கொடுத்திருக்கிறேன். திருப்பிப் பாடியது இல்லை. எவ்வளவு நல்ல பாட்டு.

ஹிலேர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். வாடாமல்லிப் பாட்டு பாடினால் ரோஜாக்காரிக்கு அபராதம் உண்டு என்று ஞாபகப்படுத்தினார். போடுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் போலீஸ் லீவு" என்று எஞ்சினுக்கே திரும்பிப் போனார்.

அக்டோபர் 29

கிரியோல் மொழி தினம். ஊர் முழுக்க மதராஸ் கட்டம் போட்ட துணி, தெருவெல்லாம் உப்புக்கருவாடும் வாழைக்காயும். தங்கள் சொந்த மொழியில் பேச வருடத்துக்கு ஒரு நாள் ஒதுக்கிக்கொண்ட ஜனம் நாங்கள்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அடுப்பில் ஒரே ஒரு பானை. மேஜையில் இரண்டு தட்டு.

உட்கார்ந்தேன். அவள் சுட்ட ஈரப்பலாக்காயை வெட்டிக்கொண்டே பேசினாள்.

"உண்மையச் சொன்னதுக்குக் கோவம் இல்ல."

"அக்கா—"

"நான் முடிக்கறேன். அஞ்சு வருஷமா உனக்குத் தெரியும். எதிர் எதிரா உட்கார்ந்து சாப்பிட்டிருக்கோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த மேஜையில என் முகத்தைப் பார்த்து, 'அக்கா, அவன் வரமாட்டான், அந்தத் தொப்பியத் தூக்கிப் போடு'ன்னு சொல்லியிருக்கலாம்ல. நான் அழுதிருப்பேன். உன்னத் திட்டியிருப்பேன். முடிஞ்சிருக்கும். நீ அதைத் தாளத்துல போட்டு முன்னூறு பேரக் கைதட்ட வச்சுத்தான் சொன்ன."

நான் என்ன சொன்னேன்? வேடிக்கையாக எதுவும் வரவில்லை. வந்திருந்தால்கூட, இந்தத் தடவை, சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது என்றேன். உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு எப்போதும் பயம் என்றேன். அதனால்தான் பாட்டெல்லாம். கொச்சையாக, முன்னும் பின்னும் இல்லாமல் சொன்னேன். மன்னிச்சுடு என்றும் சொன்னேன். சந்தமே இல்லாமல்.

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தட்டில் ஈரப்பலா வைத்தாள். பெரிய துண்டு இல்லை, நடுத்தரமான துண்டு.

நவம்பர் 11

திரும்பி வருகிறாயா என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் வாடாமல்லி, நான் ரோஜா. ஜோசானுக்குச் சுருதி இறக்கச் சொல்லிக்கொடு என்று மட்டும் சொன்னேன். அதை அவளிடமே போய்ச் சொல்லு, சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன் என்றாள். இன்று வந்தாள். ஜோசான் நல்ல பெண். மைக்கை இன்னும் முழுங்கவில்லை என்று உறுதியாயிற்று.

டிசம்பர் 13

விளக்குத் திருவிழா. தெருவில் எல்லோரும் அவரவர் செய்த விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஹிலேருடைய விளக்கு நடுவழியில் தீப்பிடித்தது. போலீஸ்காரரே பொது இடத்தில் தீ வைத்ததற்கு நான் அவரைக் கைது செய்தேன். ஆயுள் தண்டனையா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஐம்பத்தொரு வயதில் யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது பாருங்கள்.

ஃபாபியனின் படகை அக்கா பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். காலையில் அது மீன் பிடிக்கப் போயிற்று. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மத்தியானம் மீன் வந்தது, சாப்பிட்டோம்.

பெப்ரவரி 22

சுதந்திர தினம். ஊர்வலம், கொடி, வெயிலில் ஒன்றரை மணி நேரப் பேச்சு. நாற்பத்தைந்து வருடமாகச் சுதந்திரமாக இருக்கிறோம், நிழலில் நிற்க மட்டும் அனுமதி இல்லை.

சாயங்காலம் தியோடூலோடு நடனத்துக்குப் போகிறாள் அக்கா. சங்க விஷயம் பேசத்தானாம். அறையிலிருந்து கூப்பிட்டாள். போனேன். புது கவுன், ஆரஞ்சு நிறம், தோளில் பெரிய பெரிய சுருக்கம். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல், எப்படி இருக்கு என்றாள்.

நாக்கு நுனியில் மூன்று வரி வந்து நின்றது. மூன்றும் நல்ல வரி. தாளத்தோடு வந்தது.

"நல்லா இல்லக்கா" என்றேன். "கை இறுக்குது. அந்தப் பச்சையப் போட்டுக்கோ."

அக்கா கண்ணாடியில் பார்த்தாள். முதலில் கவுனை, பிறகு என்னை.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு, கொக்கியை அவிழ்க்கச் சொல்லி என் பக்கம் முதுகைத் திருப்பினாள்.